உப்பிய கன்னம்

மார்ச் 4

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

"அத்தை, நான் இப்ப நல்லா இருக்கேனா?" என்று உன் மகள் என்னிடம் கேட்டாள். நான் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய நாள் காலை அது. கண்ணாடி முன்னால் நாற்காலியைப் போட்டு, அவளை உட்காரவைத்துப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்துக் கேட்டாள். காலமெல்லாம் வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய வாய், யோசிக்கவா போகிறது? "நல்லா இருக்கேனாவா? என் பூசணிக்குட்டி திரும்பி வந்துட்டாடி!" என்று இரண்டு கன்னத்தையும் கிள்ளினேன். அவள் சிரிக்கவில்லை. பின்னல் இழுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வீடு வந்து சேர்ந்ததிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. தம்பியிடம் கேட்கலாம் என்றால், கப்பலில் சிக்னல் கிடைக்கிற நாளில்தான் அவன் பேசுவான். பேசினாலும், "உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரலக்கா, எஞ்சின் ரூம் சத்தமே எனக்குப் போதும்" என்கிறான். ஆகவே கடிதம். போனைப் போலக் கடிதத்தை எடுக்காமல் விட முடியாது. கிழித்துப் போடுவதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

உன் கோபம் எதற்கு என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அன்றைக்கு அடுப்படியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். குழந்தைக்குக் குரோன் நோய் என்று டாக்டர் சொன்னதும், உடம்பின் காவல்படையே வழி தவறித் தன் குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது என்று நீ எனக்கு விளக்கிச் சொன்னாய். இப்போது கொடுக்கிற மாத்திரை தற்காலிகம்தான், அடுத்து ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பெரிய மருந்து இருக்கிறது, அது அந்தக் காவல்படையையே அடக்கிவைக்கும் என்றும் சொன்னாய். புரிந்தது. புரிந்ததால்தான் பயம் வந்தது. அதனால்தான் கேட்டேன்: "மாத்திரையிலயே பிள்ளை தேறிட்டாளே. கன்னமெல்லாம் வந்துடுச்சே. அப்புறம் எதுக்கு அந்த ஊசி?"

ஒரு உதாரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வகுப்பில் ஒருவன் சத்தம் போட்டால் அவனை முன் பெஞ்சுக்கு மாற்றுவேன். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே பூட்டுப் போடமாட்டேன். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. நீ ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டாய் என்று தம்பி சொன்னான். நல்லது என்றே எனக்குப் பட்டது. ஆனாலும் உன் பிள்ளை விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தது தப்பு. மன்னித்துக்கொள்.

பூசணிக்கு என் முத்தம்.

உன் அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

மூக்கை நுழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் மூக்கு என் அடுப்படியில்தான் இருக்கிறது. எனக்குப் பழகிவிட்டது. அதற்காகவெல்லாம் நான் போனை எடுக்காமல் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்கள் கிள்ளியது கன்னம் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் வந்த வீக்கம். சட்டையைத் தூக்கினால் விலா எலும்பு தெரியும், முகம் மட்டும் உப்பியிருக்கும். அப்படி ஆகும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். உங்களிடமும் நான் சொன்னேன். நீங்கள் அப்போது ஏதாவது உதாரணம் யோசித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் அவளை 'பன்னு' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. வீட்டு மனுஷி ஒருத்தியிடமாவது கேட்டுப் பார்ப்போம் என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். நீங்கள் பூசணி என்றீர்கள்.

அன்றிலிருந்து அவள் மாத்திரையை விழுங்கவே இல்லை அண்ணி. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்தும் காட்டிவிட்டு, குளியலறைக்குப் போய்த் துப்பியிருக்கிறாள். நான் வெளியே நின்று "சமத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் ஏறும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வாந்தி. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கழிப்பறையில் ரத்தம் வேறு. வெளியே கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் ஓடினார்.

இப்போது அபாயம் இல்லை. ஆனால் குடலில் ஓரிடம் வீங்கிச் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. "இனிமே தள்ளிப்போடாதீங்கம்மா. இப்ப வெறும் வீக்கம்தான், மருந்து கேக்கும். தழும்பாயிட்டா மருந்து கேக்காது, வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ஊசியைத் தள்ளிப்போட்டது நல்லது என்று பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

பதில் போட வேண்டாம்.


மார்ச் 15

அன்புள்ள உனக்கு,

பதில் போட வேண்டாம் என்றாய். போடுகிறேன். நீளமாக இருக்காது. உதாரணமும் இருக்காது.

புதிதாக வேலைக்கு வருகிற இளம் ஆசிரியைகளுக்கு நான் ஒரு பாடம் சொல்வேன்: வகுப்பே சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கிற பிள்ளையை முதலில் பாருங்கள். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உன் மகள் கண்ணாடியில், எனக்கு நேர் எதிரே சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னல் இழுக்கிறது என்று நினைத்தேன்.

இங்கே திரும்பி வந்ததும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தம்பி மகள் தேறிவிட்டாள், கன்னம் வந்துவிட்டது, பாவம் அந்தப் பெண்தான் சும்மா பயப்படுகிறாள் என்று. உன்னைத்தான் சொன்னேன். நேற்று பால்காரர், "குழந்தை எப்படி டீச்சர், ஓடி ஆடுதா?" என்று கேட்டார். "ம், ஓடுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பாதித் தெரு நடந்துவிட்டேன். திரும்பிப் போய், "இல்லப்பா, தப்பாச் சொல்லிட்டேன். அவ ஆஸ்பத்திரியில இருக்கா" என்றேன். அவர் கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர் தப்பாச் சொல்லி இப்பத்தான் கேக்குறேன்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை. உன் கடிதத்தில் நீ எடுத்துக்காட்டிய அந்த வரியை, நீ சொன்னபடி இன்னொரு தடவை படித்தேன். அதற்குப் பிறகும் படித்தேன்.

உன் அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரையை இப்போது என் கண் முன்னாலேயே விழுங்குகிறாள். விழுங்கிவிட்டு, திருடன் போலீஸுக்குக் காட்டுகிற மாதிரி நாக்கைத் தூக்கியும் காட்டுகிறாள். நான் கேட்பதில்லை. அவளாகவே காட்டுகிறாள். அதைப் பார்க்க எனக்குத்தான் கூசுகிறது.

அந்தப் பால்காரர் கதையைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊசியைத் தள்ளிப்போட்டது நீங்கள் சொன்னதால் இல்லை. நீங்கள் அடுப்படியில் கேட்பதற்கு முந்தின நாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டேன். "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாமா?" என்று கேட்டேன். அந்த விருந்தாளி நீங்கள்தான். மறுநாள் நீங்களே "எதுக்கு அந்த ஊசி" என்று கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. உங்கள் தம்பியிடம், "அண்ணியே சொல்லிட்டாங்க, விவரம் தெரிஞ்சவங்க" என்றேன். உங்களை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேனே, அப்போதும் இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன்.

என் பயம் என்ன என்று சொன்னால் சிரிப்பீர்களோ என்னவோ. என் வேலை உங்களுக்குத் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் பொடிப்பொடி எழுத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்களே, அதை அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது. எதிர்மேசைக்காரி மூலத்தைச் சத்தமாக வாசிப்பாள், நான் அச்சுப்படியில் சரிபார்ப்பேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லித்தான் வாசிக்க வேண்டும். அந்த மருந்தின் தாள் போன வருஷம் எங்கள் மேசைக்கு வந்தது. "கடுமையான தொற்று கமா காசநோய் கமா மிக அரிதாக நிணநீர்ப் புற்றுநோய் முற்றுப்புள்ளி" என்று அவள் வாசித்தாள். வாசித்துவிட்டு, "இந்த மருந்தைப் போட்டுக்கிறதுக்குப் பேசாம நோயையே வச்சுக்கலாம்டி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சாப்பாட்டு மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசரம் வேறு.

இப்போது அந்த வரி எனக்கு அவள் குரலில்தான் கேட்கிறது. கமாவோடு.

உங்கள் தம்பி, "நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்" என்கிறார். நல்ல வார்த்தைதான். ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் சம்மதப் பத்திரத்தில் இருக்கிற கையெழுத்து என்னுடையது மட்டும். டாக்டரம்மா இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். நான் உங்கள் மேல் பழியைப் போட்டவள், உங்களிடமே கேட்கிறேன். என்ன செய்யட்டும்? நேராகச் சொல்லுங்கள்.


மார்ச் 26

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குள் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்படியானால் தள்ளிப்போட்டது நான் இல்லை என்ற நிம்மதி. ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் அது போய்விட்டது. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள், கிழவி பழி இறங்கியதா என்று கணக்குப் பார்க்கிறாள். அந்த அவமானத்தையும் இதில் சேர்த்தே அனுப்புகிறேன். நாம் இரண்டு பேரும் சரிக்குச் சரி.

நேராகச் சொல்லச் சொல்கிறாய். 'கொடு' என்று எழுதித்தான் முதல் தாளை ஆரம்பித்தேன். கிழித்துவிட்டேன். 'எதுக்கு அந்த ஊசி' என்று கேட்டதும் இதே வாய்தான். அன்றைக்கு எவ்வளவு தெரிந்து பேசினேனோ அதே அளவுதான் இன்றைக்கும் எனக்குத் தெரியும். இன்னொரு தடவை நீ என் பின்னால் ஒளிய வேண்டாம். ஒளிய வைத்து நான் பெருமைப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

உதாரணம் சொல்லமாட்டேன் என்றேன். ஒன்றே ஒன்று, பொறுத்துக்கொள். பரீட்சை முடிந்து வெளியே வருகிற பிள்ளைகள் எழுதிய பதிலைத்தான் சரியா தப்பா என்று பேசிக்கொண்டு வருவார்கள். எழுதாமல் விட்ட கேள்விக்கு எத்தனை மதிப்பெண் போயிற்று என்று யாரும் பேசுவதில்லை. நானும் நீயும் அப்படித்தான் இருக்கிறோம். நாம் கேட்காமல் விட்ட கேள்வி இரண்டு.

ஒன்று, இந்த மருந்தைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மாவிடம் முழுதாகக் கேட்டாயா? கொஞ்சம் சொன்னார், நீ காதைப் பொத்திக்கொண்டிருப்பாய். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இன்னொன்று என்னுடையது. அவள் "நான் நல்லா இருக்கேனா" என்று கேட்டபோது, "ஏன்டி கேக்குறே?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இரண்டே சொல். கேட்டிருந்தால் பன்னுக் கதை வெளியே வந்திருக்கும், மாத்திரை உள்ளே போயிருக்கும். அவள் வயிறு அது. துப்பியவளும் அவள்தான். அவளிடம் இன்னும் நாம் யாரும் எதையும் கேட்கவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமே கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் காலுறைகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்தைப் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அதுக்கும் முகம் வீங்குமா?"

"வீங்காது. அது நல்லா வேலை செஞ்சா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம். இந்த வீக்கமும் வடிஞ்சிடும்."

"அப்புறம் ஏன் இத்தனை நாளா போடல?"

"அம்மாவுக்குப் பயம்" என்றேன்.

"எதுக்கு?"

மறைக்கவில்லை. காய்ச்சல், தொற்று எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும், ரொம்ப ரொம்ப அபூர்வமாக ஒரு பெரிய நோயும் வரலாம் என்றேன். அவள் ஒரு காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு யோசித்தாள். "போட்டா, அடிக்கடி பாத்ரூம் ஓடணும்னு கிளாஸ்ல கதவுக்குப் பக்கத்து பெஞ்ச்லயே உக்காந்திருக்க வேணாமா?"

"வேணாம்னு ஆகலாம். நிச்சயம்னு டாக்டர் சொல்லல."

"நீ ஆபீஸ்ல எல்லாத்தையும் கமா போட்டுப் படிப்பேல்ல? இதையும் ஒரு தடவை கமா போட்டுப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடும்மா. சும்மா சும்மா என் மூஞ்சியவே பாத்துட்டிருக்காதே."

பதினொரு வயசு அண்ணி. என்னை அப்படியே பிழை திருத்திவிட்டாள்.

மறுநாள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். பிறகு அச்சகத்தில், எங்கள் தாள்கள் எப்படி இருக்குமோ அதே மாதிரி அதைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். மேலே மருந்தின் பெயர் இருக்கிற இடத்தில் 'மருந்து தராமல் விடுதல்' என்று போட்டேன். எதிர்மேசைக்காரியிடம் நீட்டினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வழக்கம்போல எடுத்து வாசித்தாள். "குடல் சுருங்குதல் கமா குடலில் ஓட்டை விழுதல் கமா அறுவை சிகிச்சை கமா ரத்தசோகை கமா உயரம் வளராமல் நின்றுபோதல்..." அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். "ஏய், இதுல 'மிக அரிதாக'ன்னு ஒரு இடத்துலகூடப் போடலியே. விட்டுப்போச்சா?" என்றாள்.

"விட்டுப்போகல" என்றேன்.

மூலத்தில் இல்லாததை நான் எங்கிருந்து சேர்ப்பேன்? போன வருஷம் அந்த வரிக்கு இரண்டு பேரும் சிரித்தோமே, அது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தாளைக் கவிழ்த்து வைத்தாள். முற்றுப்புள்ளியை அவள் வாசிக்கவே இல்லை.

அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைக்கு உள்ளுக்குள் காசநோய் ஒளிந்திருக்கிறதா, தடுப்பூசியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, நேற்று முதல் தடவை மருந்து ஏற்றினார்கள். நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் கமா போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தூங்கிவிட்டாள். எழுந்து, "முடிஞ்சுதா? இதுக்கா இவ்ளோ சீன் போட்டே?" என்றாள். நல்லதும் ஒன்றும் உடனே ஆகிவிடவில்லை, கெட்டதும் ஆகவில்லை. கேட்குமா கேட்காதா என்று தெரிய இன்னும் நாளாகும் என்கிறார்கள். பயம் எனக்குப் போகவில்லை அண்ணி. ஆனால் இப்போது அது என்னுடைய பயமாகவே இருக்கிறது, அவளுக்குக் கொடுக்கிற மருந்தில் கலக்கவில்லை.

உங்களை வரச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரட்டும். ஆனா கன்னத்தைத் தொடக் கூடாது. பூசணின்னு கூப்பிடக் கூடாது, நானா சொல்ற வரைக்கும். பின்னல் வேணா போடட்டும், அத்தை நல்லாப் போடுவாங்க."

வாருங்கள்.


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு இருமல், ஜலதோஷம் எதுவும் இல்லை. கிளம்பும் நாளில் லேசாகத் தும்மல் வந்தாலும் பயணத்தை ரத்து செய்துவிடுவேன், அந்த மருந்து ஏறுகிற உடம்புக்குப் பக்கத்தில் வரமாட்டேன். இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு வருவேன். இந்தக் கைகளை நம்ப முடியாது. உருண்டையாக ஒன்றைக் கண்டால் கிள்ளப் போய்விடும்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. அவளுக்கு வைத்த பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. பிறந்து துணியில் சுற்றிக் கொடுத்த அன்றே பூசணி என்றுவிட்டேன். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று அவள் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரியே வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாமூல் குரலில் வந்துவிட வேண்டும்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கேட்கப் போவதில்லை. நான் பார்த்த வரையில், பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் "பரவால்ல" என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. மனசு வராவிட்டாலும் சொல்லிவிடுவார்கள். என் வெட்கத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்து, இறக்கியும் விடு என்று அவளிடமே கேட்பதா? அது என்னிடமே இருக்கட்டும். பின்னல் போட எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள், அதுவே அதிகம். இந்தத் தடவை கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தால், நானும் பார்ப்பேன்.

அந்தத் தாளை நீ தட்டினதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நான் எழுந்து உட்கார்ந்து படித்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை. வகுப்பில் இப்படி ஒருத்தி சொல்லியிருந்தால் எல்லாரையும் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

பால்காரர் நேற்றும் கேட்டார். "மருந்து ஆரம்பிச்சிருக்காங்கப்பா, கேக்குமான்னு இன்னும் தெரியல" என்றேன். "சரி டீச்சர்" என்றார். அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் இவ்வளவு சீக்கிரம் வீடு வந்து சேரலாம் என்று எனக்கு இத்தனை வயசுக்குப் பிறகுதான் தெரிகிறது.

நான் வரும்வரைக்கும் நீ ஒன்று செய்து பார். நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றும்போது, முகம் வடிந்திருக்கிறதா என்று பார்க்காதே, வயிறு எப்படி என்றும் கேட்காதே. "இன்னைக்கு யார்கூடச் சண்டை?" என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காதே.

உன் அண்ணி